உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எது சரி: பெரிய சாஃப்ட்னரா, தனி லைனா?

கோயம்புத்தூரில் சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி என்று ஊரின் ஓரங்களில் வீடு கட்டுகிறவர்கள் பிளம்பிங் வேலை தொடங்கும்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. போர் தண்ணீருக்கு வீடு முழுவதும் சேர்த்து சாஃப்ட்னர் (கால்சியம், மக்னீசியத்தை நீக்கித் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) போடுவதா, இருக்கிறபடி விட்டுவிட்டுக் கீசர் பழுதாகும்போது பார்த்துக்கொள்வதா? விற்பனையாளர் முதலாவதைச் சொல்வார், பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டாவதைச் சொல்வார். இவை இரண்டுமே பெரும்பாலான வீடுகளுக்குச் சரியில்லை என்பது என் முடிவு. சுடுதண்ணீர்க் குழாயையும் வாஷிங் மெஷின் குழாயையும் மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு நல்ல தண்ணீர் கொடுத்தால் கெடுதலில் பெரும்பகுதி நின்றுவிடும். மீதித் தண்ணீர் உப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

இந்த ஊரில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. சிறுவாணித் தண்ணீர் மலையில் பெய்த மழை. பாறை மேல் ஓடி வருவதால் அதில் கரைந்திருப்பது மிகக் குறைவு. போர் தண்ணீரோ மண்ணுக்குள் நெடுங்காலம் தங்கியிருந்து வருவது. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கரியமில வாயு தண்ணீரில் கலந்து அதை இலேசான அமிலமாக்குகிறது. அந்தத் தண்ணீர் சுக்கான் கல்லையும் பாறையையும் கரைத்துக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஏற்றிக்கொள்கிறது. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் செய்கிற அளவுக்கு அது இந்த நிலத்தில் கிடக்கிறது. மழையும் குறைவான ஊர் என்பதால் நிலத்தடி நீர் புதுத் தண்ணீரால் அலசப்படுவதும் குறைவு.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மைக்கு, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க அளவையும், வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவையும் வைத்திருக்கிறது. இது குடிப்பதற்கான அளவு என்பதை மறக்கக் கூடாது. 600 உள்ள தண்ணீர் மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாமல் போகலாம், ஆனால் கீசரை விடாது. சாதனங்களைப் பொறுத்தவரை 180-க்கு மேல் போனாலே அது மிகக் கடினமான தண்ணீர்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் டிடிஎஸ் மீட்டர். பேனா போன்ற அந்தக் கருவி தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துத் தோராயமாகக் காட்டும். அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு சாதாரண உப்பு என்று பிரித்துச் சொல்லாது. டிடிஎஸ் 1000 காட்டும் இரண்டு கிணறுகளில் ஒன்று கீசரை அடைக்கும், மற்றது அடைக்காது. தேவைப்படுவது கடினத்தன்மை பார்க்கும் கிட். சிறு குப்பியில் தண்ணீரை எடுத்து, நிறமேற்றிவிட்டு, சிவப்பு நீலமாகும் வரை துளித் துளியாக மருந்தை விட வேண்டும். துளிகளின் எண்ணிக்கைதான் அளவு. விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். மொத்தக் கடினத்தன்மையோடு, பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டும் காரத்தன்மையையும் கேட்டு வாங்குங்கள். பைகார்பனேட்டோடு சேர்ந்திருக்கும் கால்சியம்தான் சூடேறும்போது வெள்ளைப் படிவாக இறங்குகிறது. குளோரைடு, சல்பேட்டோடு சேர்ந்திருப்பது அவ்வளவு எளிதில் இறங்காது. ஆனால் சோப்பைக் கெடுப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

சூடு என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். சர்க்கரையும் சாதாரண உப்பும் வெந்நீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு, சூடு கூடக் கூடக் கரையும் அளவு குறையும். அதனால் படிவு குவிவது தண்ணீர் சூடாகிற இடத்தில். ஒரு வீட்டில் நாளுக்கு 60 லிட்டர் கீசர் வழியாகப் போகிறது, அதில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் இறங்கக்கூடிய கடினத்தன்மை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு படிந்தாலே வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கல் சேரும். பதினைந்து லிட்டர் கீசரைத் திறந்து மெக்கானிக் கைநிறைய அள்ளிப் போடும் அந்த வெள்ளைச் சில்லுகள் இதுதான்.

இதை வைத்து விற்பனையாளர்கள் சொல்லும் ஒரு வாதம் தவறு. "உப்பு படிஞ்சா கரண்ட் பில் எகிறிடும்" என்பார்கள். சாதாரண மின்சாரக் கீசரில் எலிமெண்ட் (சூடேற்றும் கம்பி) தண்ணீருக்குள்ளேயே முங்கியிருக்கிறது. அது வெளியிடும் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிரப் போக வேறு இடமில்லை. படிவு இருந்தால் வெப்பம் கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவே. மாறுவது எலிமெண்டின் ஆயுள். படிவு போர்த்திக்கொண்டதால் அதன் உலோக உறை தாங்க வேண்டியதை விட அதிகமாகச் சூடாகி, வெடித்து, எரிந்துபோகிறது. அதற்கு முன்பு கீசர் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கும்.

ஆனால் சோலார், ஹீட் பம்ப், கேஸ் கீசர் மூன்றிலும் கதை வேறு. இவற்றில் வெப்பம் ஒரு சுவரைத் தாண்டித் தண்ணீருக்குள் வர வேண்டும். அந்தச் சுவரில் படிவு உட்கார்ந்தால் வெப்பம் வெளியே வீணாகும், இங்கே இழப்பு உண்மையான இழப்பு. கோவையில் மொட்டை மாடிக்கு மாடி சோலார் இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தாமிரத் தகடும் மெல்லிய தாமிரக் குழாய்களும் கொண்ட பழைய மாதிரியில் (எஃப்பிசி) போர் தண்ணீரை நேரடியாக விட்டால் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் மாதிரியில் (இடிசி) உள்விட்டம் பெரிது, அடைப்பு அவ்வளவு சீக்கிரம் வராது, குழாயைக் கழற்றிக் கழுவவும் முடியும். அதனால் உப்புத் தண்ணீர் வீட்டுக்கு இடிசிதான் பொருந்தும். இடிசியிலும் கோடையில் யாரும் வெந்நீர் எடுக்காத நாட்களில் தொட்டி கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த நாட்களில்தான் படிவு வேகமாக இறங்குகிறது. வெயில் காலத்தில் சில குழாய்களைத் துணி போட்டு மூடி வைப்பது பைசா செலவில்லாத பாதுகாப்பு.

வாஷிங் மெஷினுக்கு வருவோம். மேலே திறக்கும், சூடேற்றும் வசதி இல்லாத மெஷினை உப்புத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. அங்கே சோப்புதான் வீணாகிறது. கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பசையாக மாறித் துணியிலும் டிரம்மின் பின்புறமும் ஒட்டும். துண்டு விறைத்துப்போவதும் வெள்ளைச் சட்டை சாம்பல் பூப்பதும் இதனால்தான். முன்பக்கம் திறக்கும் மெஷினில் ஹீட்டர் உண்டு. 60 டிகிரியில் அடிக்கடி துவைத்தால் கீசருக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். குளிர்ந்த தண்ணீரிலோ 30 டிகிரியிலோ துவைக்கும் வீட்டில் ஹீட்டர் நெடுநாள் தாங்கும்.

பாத்திரம் கழுவும் மெஷின் மட்டும் தனி ரகம். பெரும்பாலான மாடல்களில் உள்ளேயே ஒரு சிறு சாஃப்ட்னர் இருக்கிறது. அதற்கென்று விற்கும் பெரிய பரல் உப்பைப் போட்டு, உங்கள் தண்ணீரின் அளவை மெஷினில் அமைத்துவிட்டால் போதும். கையேட்டில் அளவு ஜெர்மன் டிகிரியில் இருக்கும், ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். 600 உள்ள தண்ணீர் சுமார் 34 டிகிரி. வாங்கும் முன் அந்த மாடல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பாருங்கள். சமையலுக்கான தூள் உப்பைப் போடாதீர்கள், அதில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

இனி வழிகளை ஒப்பிடலாம்.

முதலில் பெரிய சாஃப்ட்னர். அது வேலை செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஓடவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நகரங்களில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும் அளவு. நாலு பேருக்கு 540 லிட்டர். கடினத்தன்மை 600 என்றால் நாளுக்கு 324 கிராம். ஒரு லிட்டர் பிசின் ஏறத்தாழ 50 கிராமைப் பிடிக்கும், அப்படியானால் 25 லிட்டர் பிசின் நான்கு நாளுக்குள் நிரம்பிவிடும். ஒரு கிராம் கடினத்தை நீக்க நடைமுறையில் இரண்டு முதல் இரண்டரை கிராம் உப்பு செலவாகும். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்குக் கால் டன் உப்பு.

அந்தக் கால் டன் எங்கே போகிறது? பாதாள சாக்கடை இல்லாத பகுதிகளில் அது உறிஞ்சு குழிக்குள் போகிறது. அங்கிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து நம்முடைய போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும். சோடியம் ஏறிய களிமண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது, செடி பிழைக்காது. அடுக்குமாடிகளில் நூறு வீட்டுக்குச் சேர்த்து ஒரே பெரிய சாஃப்ட்னர் வைத்திருந்தால், சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடும்போது மரங்கள் கருகத் தொடங்கும். விற்பனைத் தாளில் இந்தக் கணக்கு இருக்காது. எனக்கு இந்த வழியில் உறுத்துவது விலையை விட இதுதான். நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பாகிவிட்ட ஊரில், அதைச் சமாளிக்க இன்னும் உப்பைக் கீழே இறக்குகிறோம்.

குடிப்பதையும் யோசிக்க வேண்டும். 600 கடினத்தை முழுவதும் நீக்கினால் லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உள்ள வீட்டில் சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னரோடு இணைக்கவே கூடாது. டிடிஎஸ்ஸும் குறையாது, இருந்த அளவிலேயே நிற்கும்.

தோலுக்கும் முடிக்கும் நல்லது என்று சொல்லிப் பெரிய சாஃப்ட்னரை விற்பதும் உண்டு. இங்கிலாந்தில் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தைகள் 336 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். வீட்டில் சாஃப்ட்னர் வைத்ததால் நோயில் அளக்கக்கூடிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. சோப்பு நன்றாக நுரைக்கும், முடி சொரசொரப்பில்லாமல் இருக்கும் என்பது உண்மை. அதற்காக ஒருவர் செலவு செய்ய விரும்பினால் அது அவர் விருப்பம். மருத்துவப் பலன் என்று நம்பி வாங்க வேண்டாம்.

அடுத்தது காந்தம், மின்னணு அலை, "உப்பே தேவையில்லாத சாஃப்ட்னர்" வகையறா. குழாய் மேல் மாட்டும் காந்தங்கள் பற்றிய சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. கருவிக்கு முன்னும் பின்னும் துளிக் கிட்டால் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். "நாங்க நீக்கறதில்லைங்க, ஒட்டாம மாத்தறோம்" என்று பதில் வரும். அந்த மாற்றத்தை உங்கள் வீட்டில் நீங்கள் சரிபார்க்க வழியே இல்லை. இதற்குப் பணம் போட நான் சொல்ல மாட்டேன். கால்சியத்தை நுண்படிகமாக்கும் சிறப்பு மணிகள் கொண்ட உப்பில்லாக் கருவிகள் சோதனைகளில் காந்தத்தை விட நன்றாகச் செயல்பட்டிருக்கின்றன. ஆனாலும் சோப்பு நுரைப்பது மாறாது.

வாஷிங் மெஷின் குழாயில் பொருத்தும் சிறு குடுவை, உள்ளே கண்ணாடி போன்ற பாஸ்பேட் உருண்டைகள், இது வாடகை வீட்டுக்குப் பொருத்தமான பொருள். பாஸ்பேட் கால்சியத்தைச் சுற்றிக்கொண்டு படியவிடாமல் வைக்கும். 60 டிகிரிக்கு மேல் சூடானால் அதன் வலிமை குறைந்துவிடும், ஆகவே கீசரை விட மெஷினுக்கே உகந்தது. எத்தனை பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை தாங்கும் என்று அட்டையில் பாருங்கள். உருண்டை கரைந்து தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் வெறும் குடுவைதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் கழிவறைக்கும் தரை துடைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர் தயாரித்து, அதற்காக ஒரு பங்கைச் சாக்கடையில் விடுவதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

இப்போது நான் ஆதரிக்கும் வழி. மேலே சொன்ன 540 லிட்டரில் உண்மையாகவே மென்மையாக இருக்க வேண்டியது எவ்வளவு? நாலு பேர் குளிக்க ஆளுக்கு 20 லிட்டர் வெந்நீர், மெஷினுக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 60 லிட்டர், ஆக 140 லிட்டர். மாநகராட்சித் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வந்தாலும் இவ்வளவைச் சேமிக்கப் பெரும்பாலான வீடுகளில் முடியும். ஆனால் நம் பழக்கம் என்ன? வந்த நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்பில் விட்டு ஒரே தொட்டிக்கு ஏற்றுகிறோம். கடினத்தன்மை 50 உள்ள 140 லிட்டர் நல்ல தண்ணீரையும் 600 உள்ள 400 லிட்டர் போர் தண்ணீரையும் கலந்தால் கிடைப்பது 457. வீடு முழுவதும் உப்புத் தண்ணீர்தான், நல்ல தண்ணீர் இருந்த இடமே தெரியாது. அதே 140 லிட்டரைக் கலக்காமல் கீசருக்கும் மெஷினுக்கும் கொடுத்தால், அவை 50 உள்ள தண்ணீரை மட்டுமே பார்க்கும். ஒரு கிராம் உப்பு செலவில்லை, மண்ணுக்கும் கெடுதல் இல்லை.

இதற்கு வேண்டியது மாடியில் 500 லிட்டரில் ஒரு தனித் தொட்டி, அதிலிருந்து கீசருக்கும் மெஷினுக்கும் ஒரு குழாய். வீடு கட்டும்போதே "கீசர் லைனைத் தனியாப் பிரிச்சுக் குடுங்கண்ணா" என்று பிளம்பரிடம் சொல்லிவிட்டால் குழாயும் கூலியும் சேர்த்துச் சாஃப்ட்னர் விலையில் சிறு பங்குதான் ஆகும். டைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் சுவரை உடைக்க வேண்டும். இரண்டு தொட்டிகளையும் ஒரே உயரத்தில் வையுங்கள். உயரம் மாறினால் மிக்ஸர் குழாயில் அழுத்தம் அதிகமான தண்ணீர் மற்ற குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு லைனிலும், தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒவ்வொன்று போட்டுவிட்டால் கவலையில்லை.

மாநகராட்சித் தண்ணீரே வராத இடமா? மழைத் தண்ணீர் இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பெரும்பாலோர் அதை உறிஞ்சு குழியோடு நிறுத்திக்கொண்டோம். ஆயிரம் சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், மாடி அழுக்கோடு வரும் முதல் ஓட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 1,500 லிட்டர் கிடைக்கும். கடினத்தன்மை ஏறத்தாழ பூஜ்யம். 140 லிட்டர் வீதம் பத்து நாள் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் இதுவே போதும். கொசு புகாத, வெளிச்சம் படாத தொட்டி வேண்டும், மாடி சுத்தமாக இருக்க வேண்டும்.

மழையில்லாத மாதங்களுக்கு, அதே தனி லைனில் பத்து லிட்டர் பிசின் கொண்ட சிறு சாஃப்ட்னர் ஒன்றைப் பொருத்தலாம். 140 லிட்டருக்கு வருடம் முழுக்க ஓடினாலும் 60 முதல் 75 கிலோ உப்புதான். மழையும் மாநகராட்சியும் கைகொடுக்கும் மாதங்களில் அதுவும் குறையும். கடினத்தன்மையை முழுவதும் பூஜ்யமாக்காமல், கொஞ்சம் தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் போகாமல் நேராக விடும் பைபாஸ் வால்வைச் சற்றுத் திறந்து 80, 100 அளவில் வைத்துக்கொண்டால் உப்பு மிச்சம், தோலில் வழுவழுப்பும் இருக்காது.

கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் தனி லைன் கைக்கெட்டாது. அவர்கள் கீசர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிப் பக்கம் இறக்கி வைப்பது முதல் வேலை. வருடத்துக்கு ஒருமுறை கீசரைத் திறந்து படிவை வாரச் சொல்லுங்கள், அப்போதே உள்ளிருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து தீர்ந்திருந்தால் அடுத்து கரைவது தொட்டிதான். புதுக் கீசர் வாங்குவதானால் கடின நீருக்கென்று செய்த இன்கலாய் எலிமெண்ட் அல்லது கண்ணாடிப் பூச்சு எலிமெண்ட் உள்ளதைக் கேளுங்கள்.

ஷவர், கெட்டில், மெஷின் டிரம் இவற்றுக்கு எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். நூறு கிராம் படிவைக் கரைக்க சுமார் 130 கிராம் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவையுங்கள், கொதிக்கவிடாதீர்கள். கொதித்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறு படிவாக அது திரும்ப இறங்கிவிடும். கழிவறை ஆசிட்டைக் கீசருக்குள் ஊற்றுவது உள்பூச்சையும் உலோகத்தையும் அரித்துவிடும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கு ஆபத்தானது.

வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் சரியான தேர்வாகும் இடமும் உண்டு. கடினத்தன்மை ஆயிரத்தைத் தாண்டி, கழிவறைத் தொட்டியின் வால்வும் குழாயும் குளிர்ந்த தண்ணீரிலேயே அடைத்துக்கொண்டு, மாநகராட்சி இணைப்புக்கு வழியே இல்லாமல், கழிவுநீர் பாதாள சாக்கடைக்குப் போகிற வீடு என்றால் போடலாம். அப்போதும் தோட்டத்துக் குழாயையும் சமையலறைக் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். நேரம் பார்த்துத் தானாகக் கழுவும் மாதிரியை விட, ஓடிய லிட்டரைக் கணக்கிட்டுக் கழுவும் மீட்டர் மாதிரியை வாங்குங்கள். வீட்டில் ஆள் இல்லாத வாரத்தில் அது உப்பைச் செலவழிக்காது.